நிறுத்தி வைத்த வண்டியில் தீ: லாரி, வேன், பஸ் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் சிப்காட், புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, வில்லியனூர் பக்கங்களில் ஐந்து வண்டியோ ஐம்பது வண்டியோ வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக எழுதியது இது. ஓடுகிற வண்டியில் தீப்பிடித்தால் ஒரு வண்டி போகும். செட்டில் (வண்டிகள் நிறுத்தும் ஷெட்டில்) நிற்கும்போது பிடித்தால் வரிசையே போகும். அதை மனதில் வைத்துத்தான் பதில்கள்.

ஓடும்போதுதானே சூடு? நிற்கிற வண்டி எப்படி எரியும்?

ஓடும்போது சூடு இருக்கும், கூடவே காற்றும் இருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடுகிறது, ரேடியேட்டர் விசிறியும் நின்றுவிடுகிறது. டர்போவிலும் சைலன்சரிலும் பிரேக் டிரம்மிலும் தேங்கிய சூடு பக்கத்திலுள்ள ரப்பர் குழாய், எண்ணெய்ப் பிசுக்கு, வயர் உறை என்று பரவத் தொடங்கும். டீசல் 250 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே பொறி எதுவும் இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். மலைபோல் லோடு இழுத்து வந்த வண்டியின் டர்போ அதைவிடச் சூடாக இருக்கும். ஆக, டீசல் பைப்பில் ஒரு சின்னக் கசிவு போதும். வண்டி நின்ற முதல் அரை மணி நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். ஆனால் பெரும்பாலான செட்டுகளில் அந்த நேரத்தில்தான் டிரைவர் சாவியை மாட்டிவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பார்.

நள்ளிரவு இரண்டு மணிக்கு, இன்ஜின் ஆறிப் பல மணி நேரம் கழித்துப் பிடிக்கிற தீ வேறு ரகம். அது பெரும்பாலும் மின்சாரம். சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் வரை போகும் தடித்த கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். 24 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் அந்தக் கேபிள் சேஸிஸில் உரசித் தோல் உரிந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வெல்டிங் ராடு வேலை செய்வது மாதிரியேதான்.

மூன்றாவது, வெளியிலிருந்து வருகிற தீ: குப்பை எரிப்பது, பீடித்துண்டு, கொசுவத்தி, பட்டாசு, விரோதத்தில் வைப்பது.

வண்டி உள்ளே வந்ததும் டிரைவர் என்ன பார்க்க வேண்டும்?

பெரிய படிவம் எல்லாம் வேண்டாம், யாரும் நிரப்ப மாட்டார்கள். இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு டர்போவை ஆற விடச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஒவ்வொரு ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகே புறங்கையைக் கொண்டு போய்ப் பார்க்கட்டும், தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போகப் போகிறது. அடியில் குனிந்து சொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கையும் நம்புங்கள்: டீசல் நாற்றம், ரப்பர் கருகல், வயர் தீயும் வாடை மூன்றும் அனுபவமுள்ள கிளீனருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

சந்தேகம் இருந்தால் அந்த வண்டி வரிசைக்குள் போகக் கூடாது. கேட் பக்கம் திறந்த வெளியில் ஓரிடத்தை அதற்கென்றே காலியாக வைத்திருங்கள். நான் பார்த்த வரையில் எந்தச் செட்டிலும் முதலில் பறிபோவது இந்த இடம்தான். "இன்னைக்கு ஒரு நாள்" என்று ஒரு குட்டியானையை அங்கே நிறுத்துவார்கள், அது மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

பிரேக் ஜாம் ஆகிச் சக்கரம் புகைகிறது. தண்ணீர் ஊற்றலாமா?

முதலில் தீ இருக்கிறதா, வெறும் புகையா என்று தள்ளி நின்று பாருங்கள். புகை மட்டும் என்றால், மற்ற வண்டிகளை விட்டு விலக்கித் திறந்த வெளியில் நிறுத்தி, சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக் போடாமல் கட்டை கொடுத்து, ஆற விடுங்கள். சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. உள்ளே சூடேறிய டயரில் ரப்பர் வாயுவாக மாறி அழுத்தம் ஏறும். வெளியே தீ தெரியாமலே, நின்று வெகுநேரம் கழித்துக்கூட அது வெடிக்கலாம். வெடித்தால் டிஸ்க்கும் ரிங்கும் பறக்கும். ஆளைக் கொல்லும்.

தீ தெரிந்துவிட்டால் பவுடர் உள்ள தீயணைப்பு சிலிண்டரால் அடிக்கலாம். சுவாலை அடங்கும். ஆனால் டயருக்குள் இருக்கிற சூடு அப்படியே இருப்பதால் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் பற்றும். அதைத் தணிக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் நிறைய, முன்பக்கம் அல்லது பின்பக்கம் தூரத்தில் நின்று. ஒரு வாளித் தண்ணீர் வேலைக்காகாது. டிரம் விரிசல் விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. தீப்பிடித்த பிறகு டிரம்மைப் பற்றி யோசிக்காதீர்கள்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டால் ஜிபிஎஸ் நின்றுவிடுமே?

இதைச் சொல்லித்தான் பாதிப் பேர் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சுவிட்சைத் தொடுவதே இல்லை. ஜிபிஎஸ் கருவிகளில் பெரும்பாலும் உள்ளேயே சின்ன பேட்டரி இருக்கும், இரவைத் தாண்டும். தாண்டாவிட்டால் அதற்கு மட்டும் தனி மெல்லிய லைன், பேட்டரி முனையிலேயே சிறிய ஃபியூஸ் வைத்து இழுக்கலாம். ஒரு ஜிபிஎஸ்ஸுக்காக மொத்த ஹார்னஸிலும் (வண்டியின் வயர் தொகுப்பு) ராத்திரி முழுக்க மின்சாரத்தை விட்டு வைப்பதில் அர்த்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவத்தின் பம்ப் குழாயிலுள்ள திரவத்தைத் தொட்டிக்குத் திருப்பி இழுக்கும். அதற்குச் சில நிமிடம் ஆகும். உடனே கட்-ஆஃப் போட்டால் அந்த அமைப்பு கெடும். எத்தனை நிமிடம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஹப் பார்த்து, அடியில் பார்த்து, கடைசியாகக் கட்-ஆஃப் என்ற வரிசையில் பழக்கினால் நேரம் தானாகச் சரியாகிவிடும்.

நம் பக்கத்தில் உப்புக்காற்று வேறு. கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலோ நிற்கிற மீன் வண்டிகளின் பேட்டரி முனையைப் பாருங்கள், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அரித்த முனையில் மின்சாரம் பாய்வதற்குத் தடை கூடும், தடை கூடிய இடம் சுடும். சுடுதண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவுவது ஐந்து நிமிட வேலை. மாதம் ஒரு முறை செய்யலாம்.

கூடுதல் லைட், ஏர் ஹாரன், சீரியல் பல்பு: எது ஆபத்து?

லைட்டே ஆபத்தில்லை, அதை இழுத்த விதம்தான் ஆபத்து. ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக எடுத்த வயர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், ரப்பர் வாஷர் இல்லாமல் தகட்டு ஓட்டை வழியே நுழைத்த வயர். இந்த மூன்றும் இருந்தால் அது எரிய நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எலிகளையும் மறக்கக் கூடாது. அரிசி ஆலை, தீவன குடோன் பக்கம் நிற்கிற வண்டிகளில் எலி கடித்த வயர் சகஜம், பல நாள் எடுக்காமல் நிற்கிற வண்டியில் இன்னும் அதிகம்.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? எங்களிடம் இருப்பதே அரை ஏக்கர்தான்.

கட்டடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்த முடிந்தால் நல்லது. முடியவில்லை என்றால், ஜன்னல், ஆபீஸ் கதவு, தகரக் கூரையின் ஓரம், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் இவற்றை ஒட்டியாவது நிறுத்தாதீர்கள்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே பெரிய இடைவெளி விட எல்லாராலும் முடியாது என்பது தெரியும். அரை ஏக்கரில் இருபது வண்டி நிறுத்துகிறவரிடம் ஆறு மீட்டர் விடுங்கள் என்றால் சிரிப்பார். அதற்குப் பதிலாகக் கூட்டம் பிரித்து நிறுத்துங்கள். இருபதை ஒரே வரிசையாக நிறுத்தாமல் நான்கு நான்காகப் பிரித்து, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வண்டி அகலத்துக்கு மேல் காலி விட்டால், தீ பிடித்தால் நான்கோடு நிற்க ஒரு வாய்ப்பு உண்டு. கதவைத் திறந்து ஆள் இறங்கி ஏறும் அளவு பக்கவாட்டு இடைவெளி கூட இல்லாத கூட்டத்தில் எந்த வண்டியையும் வெளியே எடுக்க முடியாது. தார்ப்பாய் போட்ட வண்டிகள் அடுத்தடுத்து நின்றால் காற்றடிக்கும் பக்கம் தார்ப்பாயிலிருந்து தார்ப்பாய்க்குத் தாவும்; கடற்கரைக் காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு விஷயம் காசே இல்லாமல் செய்யலாம். எல்லா வண்டியும் முன்பக்கம் கேட்டைப் பார்த்து நிற்கட்டும், ரிவர்ஸில்தான் உள்ளே வர வேண்டும். சாவிகள் வாட்ச்மேன் கைக்கெட்டும் ஒரு பலகையில் வண்டி எண்ணோடு தொங்கட்டும். முதலாளி வீட்டு பீரோவில் சாவி இருந்தால் பக்கத்து வண்டியை நகர்த்த யாராலும் முடியாது. திருட்டு பயம் இருந்தால் சாவிப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டு வாட்ச்மேனிடம் கொடுங்கள். தீயணைப்பு வண்டி நுழையும் வழியில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பில் நிழலுக்கு நிறுத்துகிறோம். பரவாயில்லையா?

பிப்ரவரிக்கு மேல் வேண்டாம். காய்ந்த முந்திரிச் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். பிஎஸ்-6 வண்டியில் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் புகை 600 டிகிரியை நெருங்கும். அது முடிந்த கையோடு சருகு மேலோ களத்து வைக்கோல் மேலோ நிறுத்தினால் கீழிருந்து பற்றும். வண்டியை நிறுத்திக்கொண்டே அந்தச் சுத்திகரிப்பை ஓட்டுவதானால் மண் தரையிலோ கான்கிரீட்டிலோதான் செய்ய வேண்டும்.

லோடோடு இரவு நிறுத்தலாமா?

என்ன லோடு என்பதைப் பொறுத்தது. சிமெண்ட், கம்பி என்றால் பிரச்சினை இல்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வேறு கதை: அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூடேறும் தன்மை உடையது, குவித்து வைத்தால் உள்ளேயே கனன்று பற்றும். கரும்புச் சக்கை, ஈரமான வைக்கோல், எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கு எல்லாம் குவியலாகக் கிடந்தால் உள்சூடு பிடிப்பவைதான். முந்திரி ஓட்டில் எண்ணெய் இருப்பதால் அது பற்றினால் விடாது. இந்த லோடுகளை முடிந்தவரை அன்றைக்கே இறக்குங்கள். முடியாவிட்டால் தனியே நிறுத்தி, கையை மேலே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லோடிலிருந்து ஆவி பறந்தால் அதைப் பனி என்று விட்டுவிடாதீர்கள்.

வைக்கோல் வண்டிக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று நிறுத்தும் முன் அண்ணாந்து பார்ப்பதும் இதோடு சேர்த்தி.

டிரைவர் கேபினிலேயே தூங்குகிறார். தடுக்க முடியவில்லை.

தடுக்க வேண்டாம், பாவம், வேறு எங்கே படுப்பார்? கொசுவத்தியைத் தடுங்கள். அது சுவாலை இல்லாமல் மணிக்கணக்கில் கனலும். கேபின் சீட்டின் ஃபோமும் போர்வையும் பற்ற அது போதும், புகை ஆளை எழுப்புவதற்குள் மயக்கிவிடும். கேபின் ஜன்னலுக்கு ஒரு கொசுவலை தைத்துக் கொடுங்கள். அதைவிட நல்லது செட்டிலேயே மின்விசிறியோடு ஓர் அறை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுகிற பழக்கத்தைத் தரைக்கு மாற்றச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சமையல் அடுப்பைக் கேபினுக்குள்ளோ டீசல் டேங்க் பக்கமோ பற்றவைக்கக் கூடாது. சின்ன கேஸ் சிலிண்டரைக் கேபினில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதும் தவறு.

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. பேரலில் வாங்கி வைக்கலாமா?

எல்லையோர முள்ளோடை, கன்னியக்கோயில் பெட்ரோல் பங்க்குகளில் தமிழ்நாட்டு வண்டிகள் ஏன் வரிசை கட்டுகின்றன என்பது ஊரறிந்தது. டேங்க்கில் நிரப்பிக்கொண்டு போங்கள். பேரலில் சேர்ப்பது நல்லதல்ல. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் சேரும் பி வகுப்பு எண்ணெயை மொத்தம் 2,500 லிட்டருக்குள், ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல் உரிமம் இன்றி வைக்கலாம். பெட்ரோல் என்றால் 30 லிட்டர்தான். சட்டம் விடுகிறது என்பதற்காக வண்டிகளுக்கு நடுவே வைக்க வேண்டுமா? வரிசையை விட்டுத் தள்ளி, நிழலில், கசிந்தால் தேங்கும் சிறு தொட்டிச் சுவருக்குள், பக்கத்தில் மணல் வாளியோடு வையுங்கள். பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மாநில எல்லை தாண்டி எண்ணெய் கொண்டு போவதன் வரி விவகாரம் தனி.

சிஎன்ஜி வண்டிக்குத் தனி விதி உண்டா?

சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம், தேதி சிலிண்டர் தகட்டில் இருக்கும். இயற்கை வாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும். அதனால் மேலே காற்றுப்போக்கு இல்லாத மூடிய செட்டைவிடத் திறந்த வெளி மேல். எல்பிஜி நேர் எதிர்: கனமானது, தாழ்ந்து தேங்கும். எல்பிஜி ஆட்டோவை சர்வீஸ் குழிக்கு மேலே இரவு நிறுத்தாதீர்கள்.

மின்சார ஆட்டோ, மின்சாரக் குட்டி வண்டிகளை எங்கே சார்ஜ் செய்வது?

டீசல் வண்டிகளோடு கலக்காமல், ஆள் தூங்கும் அறைக்கு அடியிலோ பக்கத்திலோ இல்லாமல், திறந்த பக்கம் உள்ள கொட்டகையில். ஒவ்வொரு வண்டிக்கும் தனி சாக்கெட், தனி எம்சிபி (மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தால் துண்டிப்பது), கூடவே ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று சார்ஜரைச் சொருகுவது தான் நான் பயப்படுகிற காட்சி. லித்தியம் பேட்டரி எரியத் தொடங்குமுன் சீறும், வெடிப்புச் சத்தம் கேட்கும், வெள்ளைப் புகை வரும். அந்தப் புகை விஷம், எரியவும் கூடியது. அணைக்கப் போகாமல் ஆளை வெளியேற்றுங்கள். அணைந்த பிறகும் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கழித்தும் மறுபடி பற்றும். பழைய ஈய பேட்டரி ஆட்டோ என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டம் இருந்தால் போதும்.

வெள்ளம் நம் ஊருக்குப் புதிதல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. நீரில் மூழ்கிய மின்வண்டியை, அதுவும் உப்புநீர் என்றால், உலர்ந்துவிட்டது என்று எடுத்துச் சார்ஜில் போடக் கூடாது. 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பிறகு கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் நாள்கணக்கில் கழித்துப் பற்றின. கட்டடத்தை விட்டுத் தள்ளித் தனியே நிறுத்தி, கம்பெனி ஆள் பார்த்த பிறகே தொடுங்கள். டீசல் வண்டியாக இருந்தாலும் வெள்ளத்தில் நின்றிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

செட்டில் வெல்டிங் வேலை செய்யலாமா?

மற்ற வண்டிகள் நிற்கும் வரிசையில் கூடாது. பேட்டரி முனையைக் கழற்றி, டேங்க், டயர், வயர் பக்கம் ஈரச்சாக்கு போட்டு, ஒருவர் சிலிண்டரோடு நிற்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் யாராவது அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெல்டிங் முடித்துச் செட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

தீயணைப்பு சிலிண்டர் எது வாங்குவது?

ஏபிசி பவுடர். வண்டிக்குச் சின்னது, செட்டுக்கு 6 அல்லது 9 கிலோ; பெரிய செட் என்றால் சக்கரம் வைத்த பெரியது ஒன்று. 6 கிலோ சிலிண்டர் கால் நிமிடம் போல்தான் வரும், எனவே அடிக்கத் தெரிந்தவர் கையில்தான் அது சிலிண்டர். வண்டியில் வைத்தது குலுங்கிக் குலுங்கிப் பவுடர் அடியில் கெட்டியாகிவிடும். மாதம் ஒரு முறை தலைகீழாக்கித் தட்டுங்கள், முள் பச்சையில் இருக்கிறதா பாருங்கள். பூட்டிய அறைக்குள் வைத்தால் பயனில்லை.

இன்ஜின் பானட் உள்ளிருந்து புகை வந்தால் மூடியை முழுக்கத் திறக்காதீர்கள், காற்று புகுந்து சுவாலை முகத்தில் அடிக்கும். கொஞ்சம் தூக்கி இடுக்கு வழியாக அடியுங்கள்.

பஸ்ஸில் எச்சரிக்கைக் கருவி வருகிறதே, அது போதாதா?

நீண்ட தூரப் பஸ்களுக்கும் பள்ளிப் பஸ்களுக்கும் பயணிகள் பகுதியில் தீ எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. பழைய பஸ்ஸில் அது இருக்காது. இருக்கிற பஸ்ஸிலும் கட்-ஆஃப் போட்ட பிறகு அது வேலை செய்யுமா என்று பாடி கட்டியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் உங்கள் வண்டி எரிந்ததற்குப் பைசா வராது. முழுப் பாலிசியில் தீ, வெடிப்பு, தானாகப் பற்றுதல், மின்னல் எல்லாம் அடக்கம். வண்டியில் ஏற்றியிருந்த சரக்கு அடங்காது, அதற்குத் தனிப் பாலிசி. சிஎன்ஜி கிட் போட்டிருந்தால் ஆர்சியிலும் பாலிசியிலும் பதிவாகியிருக்க வேண்டும். இது இல்லாமல்தான் பல கோரிக்கைகள் சிக்கும். சீசன் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டிக்குத் தீ, திருட்டுக்கு மட்டும் குறைந்த பிரீமியத்தில் எடுக்கவும் வழி உண்டு, ஏஜென்டிடம் கேளுங்கள்.

தீபாவளி, போகிக்கு என்ன செய்வது?

தார்ப்பாயைக் கழற்றி மடித்து உள்ளே வையுங்கள். ராக்கெட் விழுந்து பற்றுவது முதலில் அதில்தான். போகிக்குப் பழைய டயர் எரிக்க ஆள் வருவார்கள். செட் ஓரத்தில் குவித்த டயர்களை அதற்கு முந்தின வாரமே அப்புறப்படுத்திவிடுங்கள்.

வாட்ச்மேனுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்?

முதலில் கேபின்களில் தூங்குகிறவர்களை எழுப்புவது. அடுத்து போன்: 101 அல்லது 112. ரெட்டிச்சாவடி, பாகூர் பக்கம் எல்லையோரச் செட் என்றால் தமிழ்நாட்டுத் தீயணைப்பு வேறு, புதுச்சேரித் தீயணைப்பு வேறு என்பதால் மிக அருகிலுள்ள இரண்டு நிலையங்களின் நேரடி எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். போனில் எந்த ஊர், எந்த மாநிலம், எந்தப் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, எரிவது டீசல் வண்டியா சிஎன்ஜியா மின்வண்டியா, உள்ளே என்ன லோடு என்று சொல்ல வேண்டும். அப்புறம் கேட்டைத் திறந்து வைத்து, பக்கத்து வண்டிகளை எடுக்க முடிந்தால் எடுப்பது. எரிகிற வண்டியைத் தொட வேண்டாம். சிலிண்டர் ஒன்று காலியாகியும் தீ அடங்கவில்லை என்றால் விலகி ரோட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள், வண்டி போனதற்கு அவரைத் திட்ட மாட்டோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.